பின்சீட்டுப் பெரியவர்

அந்தச் சின்ன மின்சார வண்டியை வாங்கிய நாளிலிருந்து ஷோகிரை வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சமர்கந்து வரைக்கும் போகுமா?"

கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குள்ளேயே இருக்கும் சோர்சு சந்தையைத் தாண்டாதவர்கள். ஷோகிரே இத்தனை வயதுக்கு சமர்கந்து போனது இரண்டு கல்யாணத்துக்கு, இரண்டும் ரயிலில். அவர் பல் செட் கட்டும் பட்டறை வீட்டிலிருந்து நாலு தெரு. மகள் நோசிமா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கூடம் அதற்கும் கொஞ்சம் அந்தண்டை. இடையில் சமர்கந்து எங்கே வருகிறது என்று அவருக்கு விளங்கவே இல்லை. ஆனால் "போகாதுங்க" என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவும். அதற்காகவே எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

வண்டி வெள்ளை நிறம். இரண்டே கதவு. நாலு பேர் உட்காரலாம் என்றான் விற்றவன். எந்த நாலு பேர் என்று சொல்லவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டை ஒரு லீவரை இழுத்து முன்னால் மடக்கினால்தான் பின்னால் ஏற முடியும். இறங்குவதற்கும் அதே வழிதான். சாயங்காலமானால் சமையலறை ஜன்னல் வழியாக வயரை விட்டு சார்ஜ் போடுவார். அந்த நேரம் பார்த்து மனைவி முகத்தஸ் டீக்குக் கெட்டிலைப் போட்டால் மொத்த வீடும் இருண்டுவிடும்.

"வண்டியா, டீயா, ஒண்ணைச் சொல்லுங்க," என்பாள் இருட்டுக்குள்ளிருந்து.

"டீ."

"அப்ப எந்திரிச்சுப் போய் வயரைப் புடுங்குங்க."

வண்டி சீனாவிலிருந்து வந்ததால் சீன மொழியில்தான் பேசியது. கிளம்பும்போது ஒரு பெண் குரல் கனிவாக ஏதோ சொல்லும். பெல்ட் போடச் சொல்கிறாள் என்று நினைத்து ஷோகிர் பெல்ட்டைப் போட்டார், அப்புறமும் சொன்னாள். கதவைத் திறந்து மூடினார்; அப்புறமும் சொன்னாள். மஹல்லாவில், அதாவது அவர் குடியிருந்த பேட்டையில், எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்லும் கஃபூர் அண்ணன் ஒருநாள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அது வாழ்த்துப்பா. நீண்ட ஆயுளோட இருன்னு சொல்றா," என்றார். கஃபூருக்குச் சீன மொழி தெரியாது. ஆனால் தெரியாது என்ற வார்த்தையும் அவருக்குத் தெரியாது.

ஓடும் தூரத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும். ஆகஸ்டில் ஏறி உட்கார்ந்தால் நூற்றறுபது என்று தாராளமாகச் சொன்ன அதே வண்டி, ஜனவரியில் எண்பது என்று முனகியது. ஹீட்டரைப் போட்டால் அந்த எண்பதும் கண்ணெதிரே கரைந்தது. குளிர் நமக்குத்தானே, இதற்கு ஏன் சக்தி போகிறது என்று ஷோகிர் யோசித்துப் பார்த்து, பிடிபடாமல், கம்பளிக் கையுறை வாங்கிக்கொண்டார்.

இந்த ஜனவரியில்தான் நோசிமாவுக்கு ரொட்டி பிட நாள் குறித்திருந்தார்கள். பையன் வீட்டுப் பெரியவர் ஒருவரும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து ரொட்டியைப் பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்கப்புறம் அரசாங்கம் மாறினாலும் அது மாறாது. பிடாதவரைக்கும் எதுவும் இல்லை. நோசிமாவும் புன்யோத் என்ற அந்தப் பையனும் மூன்று வருஷமாக இந்த ரொட்டிக்குத்தான் காத்திருந்தார்கள். மூன்று வருஷமும் தள்ளிப்போட்டது ஒரே ஆள்: புன்யோதின் பெரியப்பா, நிஃமத்துல்லா நாசிரோவிச்.

எரிவாயு இலாகாவில் துணைத் தலைவருக்கு முதல் துணையாக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டு போட்ட அலமாரி மாதிரி உருவம். தம்பி வீட்டில் அவர் சம்மதமில்லாமல் ஒரு ஆணி அடிக்க முடியாது. புன்யோதின் அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது ஒரு வீட்டில் டீ ஆறிப்போயிருந்ததென்று எழுந்து வந்துவிட்டார். இன்னொரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார், அவ்வளவுதான். அந்த அண்ணனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை, சம்பந்தத்துக்கு இடையில் நின்று பேசிய ரிசோலத் அம்மாள் போன் செய்தாள். கடுங்குளிரில் நகரத்தின் எரிவாயு பம்புகள் எல்லாம் மூடிக் கிடந்தன. பையன் வீட்டு வண்டிகள் அத்தனையும் எரிவாயுவில் ஓடுகிறவை. மற்றவர்கள் மெட்ரோவில் வந்துவிடுவார்கள். பெரியப்பா மட்டும் மெட்ரோவில் ஏற மாட்டாராம், டாக்சியிலும் ஏற மாட்டாராம்.

"உங்க வண்டி கரண்டுலதான ஓடுது? போய்க் கூட்டிட்டு வந்துடுங்க தம்பி," என்றாள்.

முகத்தஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பொண்ணு வீட்டுக்காரங்க போய் அவங்களைக் கூட்டிட்டு வர்றதா? பொண்ணு வீடுன்னா கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும். நாமளே வண்டி வச்சு ஆள் அள்ளிட்டு வந்தா, பொண்ணைத் தள்ளிவிடப் பார்க்கறாங்கன்னு ஊர் சிரிக்காதா?"

"அப்ப போக வேணாமா?"

"போகாம இருந்தா அவர் எப்படி வருவாரு?"

"அப்ப போகட்டுமா?"

"என்னைக் கேட்டா?" என்றாள் முகத்தஸ்.

ஷோகிர் போனார். போவது சரியா தப்பா என்று தெரியாமலேயே பெரியப்பா குடியிருந்த யூனுசாபாத் வரை ஓட்டினார்.

நிஃமத்துல்லா நாசிரோவிச் அடுக்குமாடி வாசலில் கம்பளித் தொப்பியும், பூவேலை செய்த துணியில் சுற்றிய இரண்டு ரொட்டிகளுமாக நின்றார். வண்டியைப் பார்த்தார். வண்டிக்குப் பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று பார்த்தார்.

"இதுவா?"

"இதுதாங்க. ஏறுங்க," என்று ஷோகிர் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

பெரியவர் அசையவில்லை. "இது கதவோரம் இல்ல?"

ஷோகிருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எந்த வீட்டிலும் கதவிலிருந்து ஆகத் தள்ளியிருக்கும் இடம்தான் பெரியவருக்கு. கதவோரம் டீ ஊற்றுகிற இளசுகள் உட்காரும் இடம். முன்சீட்டோ கதவை ஒட்டி இருந்தது. பின்சீட்டுக்குக் கதவே இல்லை. கணக்குப்படி பார்த்தால் அந்த வண்டியில் அதைவிட மேலான இடம் கிடையாது.

"பின்னால கால் வைக்க இடம் கொஞ்சம்…"

"மேலிடம் மேலிடம்தான்," என்றார் பெரியவர்.

லீவரை இழுத்து, சீட்டை மடக்கி, அலமாரியை எப்படிப் படிக்கட்டில் ஏற்றுவார்களோ அப்படி, முதலில் பக்கவாட்டில், பிறகு கொஞ்சம் சாய்த்து, ஏற்றியாயிற்று. அவருடைய முழங்கால்கள் ரொட்டிக்கு மேலே வந்துவிட்டன. சீனப் பெண் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?"

"நீண்ட ஆயுளோட இருங்கன்னு."

"ம்," என்று பெரியவர் ஏற்றுக்கொண்டார்.

ஹீட்டர் இல்லையா என்று கேட்டார். இருக்கு, ஆனா, என்றார் ஷோகிர். ஆனா என்றால் என்ன என்று கேட்டார். ஷோகிர் ஹீட்டரைப் போட்டார். பெரியவர் சூடாகி, தான் பதவியில் இருந்த காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த பொறியாளர்களுக்குக் குழாய் பதிக்கச் சொல்லிக்கொடுத்த கதையை ஆரம்பித்தார். கண்ணாடியில் அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் வரும் வண்டிகளுக்கு அதில் இடமில்லை. திரையில் எண் முப்பதுக்கு இறங்கி, இருபத்திரண்டுக்கு இறங்கியது. நாற்பது இருந்ததே, வந்தது பத்துகூட இல்லையே, மிச்சம் எங்கே போனது என்று ஷோகிர் ஜெர்மானியர்களுக்கு நடுவில் கழித்துக் கழித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு பெரிய கடையின் வண்டி நிறுத்தத்தில், சார்ஜ் போடும் கம்பத்தின் பக்கம் ஒதுக்கினார்.

வண்டி நின்றதும் பெரியவர் இறங்க வேண்டும் என்றார்.

"இறங்க வேணாங்க. இது எரிவாயு பம்பு இல்ல, கரண்டு. வெடிக்காது."

"பம்புல வண்டி நுழையறதுக்கு முன்னால டிரைவரைத் தவிர எல்லாரும் இறங்கி வெளிய நிக்கணும். அந்த விதியை எழுதின குழுவுல நான் இருந்தேன்."

இறங்கிப் போய், பனியில், தள்ளுவண்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். ரொட்டி மூட்டையை மார்போடு அணைத்தபடி அவர் நின்ற தோரணையைப் பார்த்து, பக்கத்துக் கம்பத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பமும் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் வரிசையாக நின்றது. எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. ஷோகிருக்கும் தான் மட்டும் ஏன் வண்டி பக்கத்தில் நிற்கிறோம் என்று பயமாகிவிட்டது.

போதுமான அளவு ஏறியதும் ஷோகிர் வயரைக் கழற்றிக் கம்பத்தில் சுற்றி மாட்டப் போனார். திரும்பி வருவதற்குள் பெரியவர் தானாகவே பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்; முன்சீட்டும் பழையபடி நிமிர்ந்திருந்தது.

அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜெர்மானியர்கள் பாதிக் குழாயில் நின்றார்கள். ஷோகிர் யோசித்தார், என்ன சொன்னோம்? வழியெல்லாம் "ஆமாங்க"வைத் தவிர எதுவும் சொன்ன ஞாபகம் இல்லை. ஏதோ ஒரு "ஆமாங்க" தப்பான இடத்தில் விழுந்திருக்க வேண்டும். ஆமாம், ஒருமுறை மட்டும் "சிக்கனமான வண்டிங்க" என்று சொல்லியிருந்தார். அதைச் சம்பந்தத்தில் சிக்கனம் பார்க்கிற வீடு என்று பெரியவர் எடுத்துக்கொண்டாரா?

வீட்டு வாசலில் பையனின் அப்பா, சித்தப்பாக்கள், மஹல்லா ஆட்கள், முல்லா, கஃபூர் அண்ணன் எல்லாரும் பனியில் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஷோகிர் சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்து, முன்சீட்டை மடக்கக் குனிந்தார்.

"கை வைக்காதீங்க," என்றார் பெரியவர்.

ஷோகிர் கையை எடுத்தார்.

"நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கேன்."

"இங்கயாங்க?"

"இங்கதான்."

எல்லாரும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, வாங்க வாங்க என்றார்கள். பெரியவர் தலையை மட்டும் அசைத்தார். கொஞ்ச நேரம் என்றது போய், டீ ஒரு தடவை ஆறிப்போய் வேறு டீ வைத்தாயிற்று. பலாவ் அண்டாவின் மூடியைச் சமையல்காரர் இரண்டு தடவை திறந்து பார்த்து மூடினார்.

முகத்தஸ் கதவிடுக்கிலிருந்து கூப்பிட்டாள். "என்ன பண்ணினீங்க அவரை?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"ஒண்ணும் பண்ணாததுக்கா வண்டியிலயே உட்கார்ந்திருக்காரு? போன தடவை டீ ஆறினதுக்கே எந்திரிச்சுப் போனவரு. இப்ப வீட்டுக்குள்ளயே வர மாட்டேங்கறாரே."

கஃபூர் அண்ணன் விளக்கத்தோடு வந்தார். "இது தெரியாதா? அந்தஸ்துள்ள ஆளு, வாசல்லயே அங்கி போத்தணும். நீ வெறுங்கையோட போய் மூட்டை மாதிரி ஏத்திட்டு வந்திருக்க."

பஞ்சு வைத்துத் தைத்த நீள அங்கி ஒன்றை, யாருக்கோ எடுத்து வைத்திருந்ததை, முகத்தஸ் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஷோகிர் அதை முன்சீட்டின் மேலாக நீட்டினார். பெரியவர் மறுக்கவில்லை. கோட்டுக்கு மேல் ஒரே கையால் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே நிறைந்திருந்த பின்சீட்டு இப்போது பிதுங்கியது. ஆள் இறங்கவில்லை.

"பாதை விரிக்கணும்," என்றார் கஃபூர்.

கல்யாணப் பெண் வருவதற்கு விரிக்கிற வெள்ளைத் துணியை வாசலிலிருந்து வண்டிவரை பனியின் மேல் விரித்தார்கள். பெரியவர் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் கஃபூரைப் பார்த்தார்கள்.

"துணி பத்தாது போல," என்றார் கஃபூர்.

பையனின் அப்பா ஷோகிரைத் தனியே இழுத்தார். "சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. அண்ணன் உள்ள வரலன்னா எனக்கு இதுல வாயே கிடையாது. மதியத் தொழுகை வரைக்கும் பார்க்கறோம். அப்புறம் நாங்க கிளம்பற மாதிரி ஆயிடும். வழியில ஏதாச்சும் பேச்சு வந்துச்சா?"

"ஜெர்மன்காரங்களைப் பத்தித்தான் பேச்சு."

"நீங்க அவங்களுக்கு எதிரா ஏதாச்சும்…?"

"எனக்கு அவங்களைத் தெரியவே தெரியாதுங்களே."

போன் அடித்தது. வீட்டுக்குள்ளிருந்து நோசிமா. இன்றைக்கு அவள் யார் கண்ணிலும் படக்கூடாது. திரை போட்ட ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள்.

"அப்பா, என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"வேணாங்கறாரா?"

"அதையும் சொல்லல."

"வண்டியில என்னதான் பண்றாரு?"

"உட்கார்ந்திருக்காரு."

"நான் வந்து கேட்கட்டா?" என்றாள். மூன்று வருஷம் அவள் இந்த ஆளைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. அதுதான் ஷோகிருக்குத் தாங்கவில்லை.

"நீ இரு. நான் கேட்கறேன்."

டீக் கிண்ணம் ஒன்றை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறி, முன்சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். டீயை வலது கையால், இடது கையை நெஞ்சில் வைத்து, முறையாக நீட்டினார். பெரியவர் இடது கையை நீட்டி வாங்கினார்.

வெளியே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இடது கையால் வாங்குவதா? எதிரிக்குக்கூட யாரும் அப்படிச் செய்வதில்லை. பையனின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஃபூருக்கே விளக்கம் வரவில்லை.

ஷோகிருக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. பல் செட் கட்டுகிறவன் என்பதால் ஒருத்தன் இடது கைக்குத்தான் லாயக்கா? கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தார். அப்போதுதான் பெரியவரின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். ஹீட்டரும் கோட்டும் அங்கியும் சேர்ந்து வேகவைத்ததில் நெற்றியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உதடுகள் இறுக மூடியிருந்தன. அந்த முகத்தை ஷோகிர் பட்டறையில் அடிக்கடி பார்த்திருக்கிறார். விருந்துக்கு நடுவில் பல் செட் உடைந்து, துண்டை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மறுநாள் வருகிறவர்களின் முகம்.

பார்வை கீழே இறங்கியது. பெரியவரின் வலது கை ரொட்டி மூட்டையின் மேல் முஷ்டியாக மூடியிருந்தது. விரலிடுக்கில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் முனை. ஷோகிர் குனிந்து சீட்டின் பக்கவாட்டைப் பார்த்தார். லீவர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

பெரியவர் முஷ்டியைத் துணி மடிப்புக்குள் தள்ளினார்.

"ஏற்கெனவே தளர்ந்துதான் இருந்தது," என்றார் பெரியவர், கிசுகிசுப்பாக.

"ஆமாங்க. தளர்ந்துதான் இருந்துச்சு."

"சும்மா சரிபார்க்கத்தான் இழுத்தேன்."

"சரிபார்க்கணும்ல. வெளிய ரெண்டு பசங்களைக் கூப்பிட்டா ஒரு இழுப்புல…"

"என்னையா? இத்தனை பேருக்கு முன்னாலயா?"

ஷோகிர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெள்ளைத் துணி, முல்லா, முகம் திருப்பி நிற்கும் சம்பந்தி. எதைச் சொன்னால் எது ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த ஆள் இங்கே மாட்டியிருக்கிறார் என்று சொன்னால் கூட்டம் ஐந்து நிமிஷத்தில் வெளியே எடுத்துவிடும். எடுத்த கையோடு நேராக மெட்ரோவுக்கே நடந்து போவார், அவமானத்தில். மெட்ரோ என்றும் பார்க்க மாட்டார். இறங்க மாட்டேன் என்கிறார் என்று விட்டுவிட்டால் தொழுகையோடு கதை முடிந்தது. திரையில் எண் பதினொன்று. ஹீட்டர் நின்றுவிட்டால் இவர் இதே அங்கியில் ஈரமாக உறைவார். சீனப் பெண் ஏதோ சொன்னாள். இந்தத் தடவை அது வாழ்த்து மாதிரி இல்லை.

கண்ணில் பட்டது ரொட்டி மூட்டை.

"அண்ணே, ரொட்டி உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கு."

"வீட்டுக்குள்ளதான் பிடணும்னு எங்கயாச்சும் இருக்கா?"

பெரியவர் யோசித்தார். விதிகளை எழுதிப் பழகிய மூளை, எழுதாத இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது. "இல்ல," என்றார். "அப்படி எங்கயும் இல்ல."

ஷோகிர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். தொண்டையைச் செருமினார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கும் தெரியாது.

"நிஃமத்துல்லா நாசிரோவிச் சொல்றாரு, மேலிடத்துல உட்கார்ந்தவர் ரொட்டி பிடறதுக்கு முன்னால எந்திரிக்கறது மரியாதை இல்லையாம். அதனால… இங்கயே பிட்டுடலாமாம்."

பையனின் அப்பா முல்லாவைப் பார்த்தார். எல்லாம் கெட்டது என்று ஷோகிர் நினைத்தார்.

"அடடா," என்று கஃபூர் அண்ணன் துணியின் மேல் ஓரடி முன்னால் வந்தார். "இதைத்தானய்யா நானும் சொல்ல வந்தேன். அந்தக் காலத்துல பெரிய வீடுகள்ல இப்படித்தான். பல்லக்குலயே உட்கார்ந்து பிட்டுட்டு அப்புறம்தான் கால் கீழ வைப்பாங்க. இப்ப யாருக்குத் தெரியுது?"

எங்கே, எந்தப் பெரிய வீட்டில் என்று யாரும் கேட்கவில்லை. தெரியாதவன் என்று பேர் வாங்க யாருக்கும் விருப்பமில்லை. ஆமாம் ஆமாம், கேள்விப்பட்டிருக்கிறோம் என்று வரிசையாகத் தலைகள் ஆடின. முல்லாகூட ஆட்டினார்.

பெண் வீட்டுப் பக்கம் ரொட்டியைப் பிடிக்க வேண்டியவர் முல்லாதான். அவரை எப்படி உள்ளே நுழைப்பது? முன்சீட்டில் ஷோகிர் மண்டியிட்டிருந்தார். அவர் நகர்ந்தால் லீவர் இல்லாதது தெரிந்துவிடும். தகப்பனே பிடிக்கலாமா என்று ஷோகிர் கேட்டார். முல்லா கஃபூரைப் பார்த்தார். கஃபூர், "பல்லக்குன்னா தகப்பன்தான்," என்றார்.

பெரியவர் முஷ்டியிலிருந்ததை முழங்காலுக்கு அடியில் நழுவவிட்டு, வலது கையை விடுவித்துக்கொண்டார். துணியைப் பிரித்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் ஷோகிர். ஒருத்தருக்கு இடம் போதவில்லை, இன்னொருத்தருக்குத் தைரியம் போதவில்லை. ரொட்டி சத்தமாகப் பிய்ந்தது. எள் தெறித்து இரண்டு சீட்டுக்கும் நடுவே சிதறியது. திரை போட்ட ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்டு, உடனே அடங்கியது.

"மாஷா அல்லாஹ், நல்ல பொண்ணு," என்றார் பெரியவர். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

இனி இறக்க வேண்டியதுதான் பாக்கி. ஷோகிர் அப்படியே ஸ்டியரிங் பக்கம் நகர்ந்து, வண்டியை வாசல் வழியாக முற்றத்துக்குள் ஓட்டி, பின்பக்கம் விருந்தறை வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. அவர் முல்லாவின் காதருகே போய், "ஒரு துஆ ஓதுங்க. கொஞ்சம் நீளமா," என்றார். முல்லாவுக்குப் புரிந்ததா, அல்லது பலாவ் வாசனைக்கு முன் மனம் கனிந்ததா, தெரியாது, கையை ஏந்தினார். எல்லாரும் கையை ஏந்திக் கண்ணை மூடினார்கள். பிள்ளைகளின் நல்வாழ்வுக்கு, பெற்றோருக்கு, மஹல்லாவுக்கு, எரிவாயு திரும்ப வருவதற்கு என்று துஆ போய்க்கொண்டே இருந்தது. ஷோகிர் சாமான் வைக்கிற பின்பக்க மூடியைத் தூக்கி, பின்சீட்டின் சாய்மானத்தைச் சத்தமில்லாமல் பின்னால் சாய்த்தார். முதலில் ஒரு செருப்புக்கால் வந்தது. பிறகு அங்கியின் வால். ஒரு இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. முல்லா, ஒரு கண்ணைத் திறந்து பார்த்தவர் போல, உலகத்திலுள்ள அத்தனை பயணிகளையும் துஆவில் சேர்த்துக்கொண்டார். ஷோகிர் அங்கியைப் பிடித்து இழுத்தார்.

ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக் கண்ணைத் திறந்தபோது நிஃமத்துல்லா நாசிரோவிச் விருந்தறை வாசலில் நின்றிருந்தார், அங்கி சரியாக, தொப்பி நேராக, முழங்கால் மட்டும் கொஞ்சம் புழுதியாக. எதையும் பார்க்கவில்லை என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். அதனால்தான் அவர் எப்படி இறங்கினார் என்பதற்கு ஆளுக்கொரு விவரமான கதை அன்று சாயங்காலமே கிடைத்தது.

ஏப்ரலில் கல்யாணம் நடந்தது. லீவரை ஷோகிரே, பல் செட் ஒட்டுகிற பசை போட்டு ஒட்டினார், அதிசயமாக நின்றது.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் பக்கத்து மஹல்லாவிலிருந்து ஒருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வரும் வெள்ளிக்கிழமை அவர் பெண்ணுக்கு ரொட்டி பிடுகிறார்களாம்.

"பையன் வீட்டுல கேட்டாங்கண்ணே. சின்ன வண்டியில வச்சுத்தான் பிடணுமாம். பெரிய வீட்டு முறைப்படி."

ஷோகிருக்குச் சிரிப்பு வரவில்லை. "யார் சொன்னா அப்படி?"

"நிஃமத்துல்லா நாசிரோவிச்னு ஒரு பெரியவர். அவங்க பரம்பரைக்கே அதான் வழக்கமாம்." வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. ஹீட்டர் போடணுமா, கூடாதா? இதுல ரெண்டு பேர் ரெண்டு மாதிரி சொல்றாங்க."

ஷோகிர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இவர் நம்ப மாட்டார். நம்பினால் நோசிமாவின் மாமனார் வீட்டுப் பேர் நாறும். பொய் சொல்லலாம். ஆனால் எது பொய் என்று அவருக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெரியவர் நிஜமாகவே நம்புகிறாரோ என்னவோ. ரொட்டி பிட்டாயிற்று, பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அப்புறம் இது வழக்கம் இல்லை என்று யார் சொல்வது?

"மிதமா போடுங்க," என்றார்.

வந்தவர் அதை மனத்தில் வாங்கிக்கொண்டார். நல்ல காரியத்துக்கு வண்டி கேட்டு வந்தவரிடம் இல்லையென்று சொல்ல முடியாது. ஷோகிர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு நடந்தார்.